குடிலில் இரண்டு பல்லி முட்டைகள்

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலையில் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிக்க உட்கார்ந்தேன். ராஜாக்களைப் பழைய வேட்டித் துணியில் சுற்றினேன். ஆடுகளைச் சுற்றினேன். குழந்தை இயேசுவின் சுரூபத்தைப் பஞ்சுக்குள் வைத்தேன். வைக்கோலை உதறுவதற்காகக் கொட்டகைக்குள் கையை விட்டபோது மாட்டுக்குப் பின்னால் ஏதோ இரண்டு உருண்டைகள் விரலில் பட்டன. குனிந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று சீரக மிட்டாய். கிறிஸ்துமஸ் வாரத்தில் தெருப் பிள்ளைகள் குடில் பார்க்க வரும், நானும் ஆளுக்கு ஒரு பிடி மிட்டாய் கொடுப்பேன். ஏதோ ஒரு வாண்டு பாதி சப்பிவிட்டு இங்கே ஒட்டிவைத்துப் போயிருக்கிறது என்று வாயாரத் திட்டிக்கொண்டே நகத்தால் சுரண்டப் போனேன்.

என்னவோ தோன்றிக் கையை இழுத்துக்கொண்டேன். கண்ணாடியை மாட்டி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்லி முட்டை. கொட்டகையின் பின்பலகையில் பசை போட்டதுபோல் இரண்டும் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தன. நல்லவேளை, வாயில் போட்டுப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை.

வேறு ஒரு நாளாக இருந்தால் ஈர்க்குச்சியால் தட்டிவிட்டுக் கையைக் கழுவியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். சொன்னால் பொய். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் என்னைத் தவிர உயிரோடு இருந்தது ஒரு பல்லிதான். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. வால் நுனி அறுந்தது. நான் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டால் காலண்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். அதோடு நான் பேசுவேன். அதிகமும் திட்டுதான். ஐம்பத்தேழு வயதில், கல்யாணம் இல்லாத ஒருத்தி பல்லியோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் ராயபுரத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மதியம் அக்கா வருவதாக இருந்தது. அந்தக் குடிலை எடுத்துப்போகத்தான் வருவாள்.

அந்தக் கொட்டகை எங்கள் அப்பா செய்தது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டி உடைத்த பலகைகளைக் கொண்டுவந்து அறுத்துக் கட்டினார். மாதா, சூசையப்பர், மாடு மூன்றையும் அடிப்பலகையோடு சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் எடுத்து விளையாடி உடைக்கிறோம் என்று கோபம். மற்ற சுரூபங்கள்தான் தனித்தனி. அம்மா இருந்தவரை குடில் என்னோடு ராயபுரத்தில் இருந்தது. அம்மா இறந்தபின் ஒரு வருஷம் எனக்கு, ஒரு வருஷம் எண்ணூரில் இருக்கும் அக்காவுக்கு என்று பேசிக்கொண்டோம். யார் வீட்டில் வைத்தார்களோ அவள் மூன்று ராஜாக்கள் திருநாளன்று கட்டி வைக்க வேண்டும். மற்றவள் போய் வாங்கிவர வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மற்ற நாட்களில் அக்கா வருவதில்லை. அதற்குக் காரணம் உண்டு, காரணம் நான்தான். அம்மாவுக்கு, இறந்த அன்று காலையிலேயே மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. மதியம் மூன்று மணிக்கு அடங்கியது. நான் அக்காவுக்குப் போன் செய்தது அதற்கும் பிறகு. அவள் ரயிலைப் பிடித்து வருவதற்குள் அம்மாவைக் குளிப்பாட்டி, சேலை மாற்றி, ஐஸ் பெட்டியில் வைத்தாகிவிட்டது. அக்கா பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "காலைலயே ஒரு போன் போட ஒனக்குக் கை இல்லியாடி" என்று கேட்டாள். நீ தாங்கமாட்டாய், பயந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் என் வீட்டு வாசலை மிதித்தது குடிலுக்காக மட்டும்தான். அதுவும் நின்றுபோனால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை.

இதில் இன்னொரு சங்கடம். அக்காவுக்குப் பல்லி என்றால் உயிரே போய்விடும். அவளுக்கு ஒன்பது வயதில் தலை வாரிக்கொண்டிருந்தபோது உச்சியில் ஒரு பல்லி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, தலையில் விழுந்தால் சாவு என்று சொல்லித் தொலைத்தாள். நாம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், இதையெல்லாம் நம்பக்கூடாது என்று அப்பா சொன்னார். அக்கா தலையாட்டினாள். ஆனால் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாமல், எப்போது சாவோம் என்று பாயில் படுத்தபடி காத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பதில் வீட்டுப்பாடம் எழுதினேன். இன்றைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையின் நாலு மூலையையும் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைப் பார்ப்பாள்.

ஆக, முட்டை இருக்கிறது என்று சொன்னால் அவள் வரமாட்டாள். சொல்லாமல் கொட்டகையைக் கொடுத்தால், எண்ணூர் சாலையின் பள்ளங்களில் ஆட்டோ குலுங்குகிற குலுக்கலில் முட்டை உடையும். உடையாமல் போய்ச் சேர்ந்தால் இன்னும் மோசம், அவள் வீட்டுக் கூடத்தில் குஞ்சு பொரிக்கும். யோசித்துப் பார்த்து, போனை எடுத்தேன்.

"காய்ச்சல்" என்றேன். "ஒட்டிக்கும். அடுத்த ஞாயித்துக்கெழம வா."

"கொரலு நல்லாத்தானே கீது" என்றாள். "வஞ்சிரம் வாங்கி ஆக்கி வெச்சுட்டேன். டப்பால கூடப் போட்டுட்டேன்."

"நீயே சாப்புடு."

போனை வைத்தபிறகு தலையில் அடித்துக்கொண்டேன். காய்ச்சல்காரிக்கு மீன் குழம்பு வேண்டாம் என்று நயமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படியெல்லாம் வராது. சின்ன வயதிலிருந்தே நான் பேசினால் கதவைச் சாத்தினதுபோல் இருக்கும் என்று அம்மாவே சொல்லுவாள்.

என் வேலை திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டில். வாசல் கூண்டில் உட்கார்ந்து டிரெய்லர்களுக்கு கேட் பாஸ் எழுத வேண்டும். வண்டி நம்பர், பெட்டி நம்பர், சீல் நம்பர் என்று நாள் முழுக்க எண்களாகவே பேசுவேன். வண்டி வராத நேரத்தில் பல்லி முட்டை பொரிக்க எத்தனை நாள் என்று செல்போனில் தேடினேன். ஒருவர் நாற்பத்தைந்து என்றார், ஒருவர் அறுபது என்றார், குளிராக இருந்தால் இன்னும் தள்ளுமாம். கோழி முட்டை மாதிரி இதைப் புரட்டக்கூடாது, வைத்த வாக்கில் இருக்க வேண்டும், புரண்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும் என்றும் சொன்னார்கள். தாய் அடைகாக்காதாம். ஒட்டி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுமாம்.

ஒருமுறை தேடினால் போதுமே, போன் விடாது. அதற்கப்புறம் எதைத் திறந்தாலும் குட்டி குட்டியாக ஊர்வன. மடகாஸ்கரில் ஒரு பச்சோந்தி, வளர்ந்து முடிந்ததே அவ்வளவுதானாம், ஒரு மனிதரின் விரல் நகத்தின்மேல் நின்றுகொண்டு முன்காலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தது. கரீபியன் பக்கத்துத் தீவு ஒன்றில் காசுமேல் சுருண்டு படுக்கிற பல்லி. இன்னொரு தீவில் சேமியா இழைபோல் ஒரு பாம்பு. அந்தப் பாம்பு ஒரே ஒரு முட்டைதான் இடுமாம், பொரித்து வரும் குட்டி தாயில் பாதி நீளம் இருக்குமாம். உடம்பு அவ்வளவு சின்னதாகிவிட்டால் வயிற்றில் ஒன்றுக்குத்தான் இடம். வந்த நிமிஷத்திலிருந்து அது தானே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாளாவது கூட யாராவது இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று இருந்தது.

கூண்டு ஜன்னலில் தலையை நீட்டிய டிரைவர் ஒருவர் என் போனைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மேடம், டியூட்டில ஓணான் பாத்துகினுகீறீங்க."

"அது பச்சோந்தி. உலகத்துலயே சின்னது. வண்டி நம்பரச் சொல்லுங்க."

"இத்துனூண்டு இருந்தா அது இன்னாத்த துன்னும், எங்க போயி பொண்ணு பாக்கும்" என்று சிரித்துக்கொண்டே நம்பரைச் சொன்னார். அன்றைக்கு எண்ணில்லாமல் யாரோடாவது பேசினேன் என்றால் அவரோடுதான்.

சொன்ன ஞாயிறு வந்தது. வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றேன். மூன்றாவது வாரம் அக்காவே போன் செய்தாள். சுரூபங்களை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன், கொட்டகை பிறகு வரட்டும் என்று நான் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"கொட்டக இல்லாம சுரூபத்த வெச்சுகினு நான் இன்னா பண்ணுவேன்" என்றாள். "தர மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லிட்டுப் போயேன். காச்சலு, பெயிண்டுன்னு எதுக்கு எனக்குக் காது குத்துறே."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கிற கோபம் முந்திக்கொண்டது.

"ஆமா, மனசில்ல. இன்னா பண்ணுவே?"

அவள் ஒன்றும் பண்ணவில்லை. போனை வைத்துவிட்டாள். அதன்பின் இரண்டு வாரம் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கோயிலில் பூசை முடிந்து வரும்போது எண்ணூர்ப் பக்கத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாள். விஷயம் அந்த வழியாகப் பரவிவிட்டது என்று புரிந்துகொண்டேன். தங்கச்சி அப்பன் செய்த குடிலை அமுக்கிக்கொண்டாள் என்பதுதான் விஷயம்.

நான் வீம்பாகவே இருந்தேன். சாயங்காலம் வந்ததும் கொட்டகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். முட்டை ஓட்டுக்குள் இளஞ்சிவப்பாக வெளிச்சம் ஊறும். நாள் போகப்போக ஒன்றில் சிவப்பு நூல் மாதிரி தெரிந்தது. பிறகு அந்த நூலைச் சுற்றிக் கருப்பாக ஏதோ திரண்டது. மற்றதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பல்லி மட்டும் காலண்டருக்குப் பின்னாலிருந்து வருவதும் பூச்சி பிடிப்பதுமாக இருந்தது. கொட்டகைப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. உன் பிள்ளைக்காக நான் ஊர்வாயில் விழுந்து கிடக்கிறேன், உனக்கு என்னடி என்று அதைத் திட்டினேன்.

விபூதிப் புதன் வந்தது. தவக்காலம் தொடங்கிய அந்த வாரமே எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்தின் தலைவி வீட்டுச் செபத்துக்கு நாள் குறிக்க வந்தார். ஒரே அறை வீடு. உள்ளே காலை வைத்தால் கொட்டகைதான் கண்ணில் படும். இயேசுவின் பாடுகளை நினைக்க வேண்டிய சிலுவைப் பாதைக் காலத்தில், வைக்கோல் கூரையோடு, நட்சத்திரம் மட்டும் கழற்றிய குடில். தீவனத் தொட்டியில் குழந்தை இல்லை. மாதாவும் சூசையப்பரும் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார்கள்.

"இன்னாமா இது" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா? வூட்ல தனியா இருந்துகினு ரொம்ப யோசிக்காதமா."

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அக்கா நின்றுகொண்டிருந்தாள். மேல் மூச்சு வாங்கியது. கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக்கூடக் காத்திராமல் பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறாள். தங்கச்சிக்கு மூளை பிசகிவிட்டது, வெறும் குடிலை வைத்துக்கொண்டு அழுகிறாள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னாடி ஆச்சு ஒனக்கு" என்றாள். பதற்றத்தில் கூரையைப் பார்க்கவே மறந்துவிட்டாள். நேராக வந்து என் நெற்றியைத் தொட்டாள். அம்மா போன இந்த மூன்று வருஷத்தில் அவள் கை என்மேல் பட்டது அப்போதுதான்.

இதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. மாட்டுக்குப் பின்னால் பல்லி முட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அக்கா இரண்டே எட்டில் வாசலுக்குப் போய்விட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நாலு மூலையையும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இதுக்கா? ரெண்டு மாசமா இதுக்கா?"

"சொன்னா நீ பயந்துடுவே. வரமாட்டே."

"ஆமா, பயந்தான். செத்துடுவேன்னு பயம். வரலன்னா வரமாட்டேன், இல்ல வாசல்ல நின்னு வாங்கினு போவேன். அத்த நான்தானே சொல்லணும். நீயே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு, கதவச் சாத்திகினு உள்ள உக்காந்துக்கிறே." குரல் உடைந்தது. "அம்மாவுக்கும் இத்தத்தானே பண்ணே."

நான் தரையில் சிந்திக் கிடந்த வைக்கோலைப் பொறுக்கினேன்.

"அன்னிக்கிக் காலைலருந்து மூணு மணி வரிக்கும் அம்மா இன்னா சொல்லிச்சு? இத்தினி வருசமா நான் கேக்கல. இப்போ கேக்கறேன்."

வாசலுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். தெருவில் தண்ணீர் லாரி வந்து குடங்கள் சத்தம் கேட்டது.

"பெரியவ வந்துட்டாளான்னு கேட்டுச்சு" என்றேன். "மூணு தபா கேட்டுச்சு. வந்துகினுகீறான்னு சொன்னேன்."

"நீ எனக்குப் போனே பண்ணல."

"பண்ணல."

பயந்துவிடுவாள் என்று நான் சொன்னதெல்லாம் பொய். பத்து வருஷம் அம்மாவுக்கு ஊட்டிவிட்டதும் துடைத்துவிட்டதும் நான். அந்தக் கடைசி அரை நாளாவது எனக்கு மட்டும் வேண்டும் என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே அவள் பேரைச் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இதையும் அக்காவிடம் சொன்னேன். வாயிலிருந்து வந்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். காபி போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். குடிலைக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து டார்ச் அடித்தால் ஒரு முட்டை ஓட்டில் ஓட்டை. உள்ளே காலி. தேடினேன். மாதாவின் நீல முக்காட்டு மடிப்பில் குண்டூசித் தலைபோல் இரண்டு கண்கள். உடம்பு கண்ணாடிபோல், உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. விரல்கள் இருக்கின்றனவா என்று கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், அத்தனையும் இருந்தன. செல்போனில் பார்த்த பச்சோந்திக்கு இது பெரியண்ணன்தான். ஆனாலும் இவ்வளவு சின்ன உயிரை நேரில் நான் பார்த்ததில்லை. மூச்சுப் பட்டதும் ஓடிவிட்டது. அதற்கப்புறம் அதை நான் பார்க்கவில்லை. எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை. அக்காவின் எண்ணை எடுத்தேன், எந்த முகத்தோடு இதைச் சொல்வது என்று வைத்துவிட்டேன்.

இரண்டாவது முட்டைக்காகப் பத்து நாள் காத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்தபோது அது ஒரு பக்கம் அமுங்கி, மஞ்சள் பாரித்திருந்தது. டார்ச் வெளிச்சம் உள்ளே போகவே இல்லை. இனி அது பொரிக்காது என்று எனக்கே தெரிந்துவிட்டது. எடுத்துப் போட்டுவிட்டு கொட்டகையைத் துடைத்துக் கட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். நீட்டிய கையைத் திருப்பி போனை எடுத்தேன்.

முதல் தடவை அவள் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

"இன்னா" என்றாள்.

"அக்கா, ஒரு முட்ட போன வாரமே பொரிச்சுடுச்சு. நல்லா கீது. நான்தான் ஒனக்குச் சொல்லல." ஒரு மூச்சு விட்டேன். "இன்னொண்ணு செத்துப்போச்சு. இப்பத்தான் பாத்தேன். பாத்த ஒடனே ஒனக்குப் போன் போட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரையோ அடுப்பை அணைக்கச் சொன்னாள்.

"எங்க கீது?"

"அங்கியேதான். ஒட்டினுகீது. எடுத்துப் போட்டுடறேன்."

"போடாத" என்றாள் அக்கா. "பத்தர வண்டில வரேன். நான் வர வரிக்கும் அத்தத் தொடாத."